ஞாயிறு வாங்கிய இறைச்சி, செவ்வாய் இராச் சாப்பாடு: வீட்டுத் தாச்சியில் ஸ்டேக்

நம்மூர் மாட்டிறைச்சியில் ஸ்டேக் சரிவராது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சப்பிச் சப்பித் தாடை நோகும், தாச்சியில் போட்டதும் தண்ணீர் விட்டு அவியும், கடைசியில் கறிச்சட்டிக்குத்தான் போகும் என்பார்கள். வாங்கிய அன்றே சுட்டால் அப்படித்தான் ஆகும். எங்கள் வீட்டிலும் முதல் மூன்று தடவை அப்படித்தான் ஆனது. இறைச்சியையும் அடுப்பையும் மாற்றிப் பார்த்தோம். மாற்றவேண்டியது சுடுகிற நாளைத்தான் என்பது பிறகுதான் விளங்கியது. ஸ்டேக்கின் பாதிச் சமையல் அடுப்புக்கு வருமுன்பே பிரிட்ஜுக்குள் நடந்துவிடுகிறது. அந்தப் பாதி சரியாக நடந்துவிட்டால், வேலை முடிந்து களைத்து வருகிற ஒரு பின்னேரத்தில், உடுப்பு மாற்றி முகம் கழுவி வந்து, இருபத்தைந்து நிமிஷத்துக்குள் சாப்பாட்டை மேசையில் வைத்துவிடலாம்.

நாங்கள் ஞாயிறு காலை வாங்கி, செவ்வாய் இரவு சுடுகிறோம். கீழே வருவதெல்லாம் அந்தக் கணக்கில் மூன்று பேருக்கு, அரைக் கிலோ இறைச்சிக்கு.

கடையில்

ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். வெயில் ஏறுமுன் வாங்கி வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். போயா நாளில் இறைச்சிக் கடை திறக்காது, கலண்டரையும் ஒருமுறை பாருங்கள்.

கேட்கவேண்டிய சொல் அண்டர்கட். ஆங்கிலேயர் காலத்தில் வந்து நம் இறைச்சிக் கடைகளில் தங்கிவிட்ட சொல். முதுகெலும்பின் உட்பக்கமாக, இடுப்பை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும் தசை அது. மாடு நடக்கவும் நிற்கவும் அந்தத் தசை அதிகம் உழைப்பதில்லை, அதனால்தான் அவ்வளவு மெது. ஒரு மாட்டுக்கு இரண்டே இரண்டு. நம்மூர் மாடு சிறியது, மேய்ந்து திரிந்து வளர்ந்தது. ஆகவே படங்களில் பார்க்கிற கொழுப்புக் கோடு ஓடிய தடித்த துண்டை எதிர்பார்க்காதீர்கள். கொழுப்பு குறைவு, ஆனால் இறைச்சி வாசம் கூட. எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை.

கேட்கும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

"நானா, அண்டர்கட் இருக்கா?"

"இருக்கு. எவ்வளவு?"

"அரைக் கிலோ. வெட்டாதீங்க நானா, முழுசாத் தாங்க."

"கறிக்கு இல்லையா?"

"இல்ல, ஸ்டேக் போட. தடிச்ச பக்கத்தால தாங்க."

'வெட்டாதீங்க' என்பதை ஒரு மூச்சு தாமதித்துச் சொன்னாலும் கத்தி இறங்கிவிடும். அந்தக் கைகளுக்கு நாள் முழுக்கக் கறித்துண்டு வெட்டித்தான் பழக்கம். கறித்துண்டாகிப் போனதை எந்த வித்தையாலும் ஸ்டேக் ஆக்க முடியாது.

நாங்கள் சில வேளை எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவுக்குப் போய் வாங்குவோம். முன்பு பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறித்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். கையில் இறைச்சிப் பையோடு கரையில் வெயிலில் காத்து நிற்க யாருக்கும் மனம் வராது. 2009இல் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் ஒரு ஐஸ் பெட்டி கொண்டுபோகிறோம். இரண்டு தண்ணீர்ப் போத்தலை முதல் நாள் இரவே உறைய வைத்து அதற்குள் போட்டால் போதும். இரண்டு நாள் வைத்துச் சாப்பிடப் போகிற இறைச்சி, முதல் ஒரு மணித்தியாலம் சூட்டில் கிடக்கக் கூடாது.

அண்டர்கட் கிடைக்காத நாளில் முதுகுத் தசை கேளுங்கள். தொடை இறைச்சிதான் இருக்கிறது என்றால் ஸ்டேக்கை விட்டுவிட்டுக் கறியே வையுங்கள் என்பேன். பிடிவாதம் என்றால் ஒரு வழி உண்டு: ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் வெட்டி, பச்சைப் பப்பாசி அரைத்த விழுது ஒரு தேக்கரண்டி பூசி, அரை மணித்தியாலம் வைத்துத் துடைத்துவிட்டுச் சுடுங்கள். பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயின் இறைச்சியின் நாரை அறுக்கும். நேரம் கூடினால் மேற்பக்கம் மா மாதிரிக் குழைந்துவிடும், ஆகவே மணியைப் பார்த்துச் செய்யுங்கள்.

இரண்டு இரவு

மாடு அறுத்த சில மணித்தியாலங்களில் தசை இறுகத் தொடங்குகிறது. ஏறக்குறைய முதல் நாள் முழுக்க அந்த இறுக்கம் இருக்கும். அதற்குப் பிறகு தசைக்குள்ளேயே இருக்கிற நொதியங்கள் நாரை மெல்ல மெல்ல அறுத்துத் தளர்த்தும். வெளிநாடுகளில் இறைச்சியைக் குளிரறையில் வாரக்கணக்கில் தொங்கவிடுவது இதற்காகத்தான். நமக்குக் காலையில் அறுத்தது காலையிலேயே கைக்கு வருகிறது. கறி என்றால் ஒன்றரை மணித்தியாலம் கொதிக்கிறது, எந்த இறுக்கமும் இளகிவிடும். ஏழு நிமிஷத்தில் சுட்டு எடுக்கிற ஸ்டேக்குக்கு அந்த அவகாசம் இல்லை. அதற்கான தளர்ச்சியை முன்கூட்டியே பிரிட்ஜில்தான் சம்பாதிக்க வேண்டும். 'அன்றன்று அறுத்ததுதான் நல்ல இறைச்சி' என்று நம் அம்மாமார் சொல்வது கறிக்கு முழுக்கச் சரி. ஸ்டேக்குக்கு அது பொருந்தாது.

வீட்டுக்கு வந்ததும் இறைச்சியைக் கழுவ வேண்டாம். இதைச் சொல்லும்போது பலர் முகம் சுளிப்பார்கள். கழுவுவதால் கிருமி போவதில்லை, தண்ணீர் தெறித்துக் குசினி முழுக்கப் பரவுகிறது. கிருமியைக் கொல்வது சூடுதான். கையில் எலும்புத் தூளோ மண்ணோ தட்டுப்பட்டால் ஈரக் கடதாசியால் துடைத்து எடுங்கள்.

அண்டர்கட்டின் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும் சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். அது எவ்வளவு சூட்டிலும் இளகாது. சுருங்கித் துண்டை வளைத்துவிடும், பல்லிலும் சிக்கும். கத்தி நுனியைச் சவ்வுக்குக் கீழே நுழைத்து, ஒரு விரல் அகலம் உரித்து, அந்த நுனியை இடது கையால் இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு, கத்தியின் கூரைச் சவ்வுப் பக்கம் சற்றே சரித்து முன்னால் தள்ளுங்கள். நீளமான நாடாவாகக் கழன்று வரும். இறைச்சி கொஞ்சம் போனால் போகட்டும், சவ்வு மிஞ்சக் கூடாது.

பிறகு கடதாசியால் ஒற்றி, ஒரு தட்டில் வைத்து, மேலே இலேசாக மூடி, பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். அடித்தட்டு ஏன் என்றால், வடிகிற நீர் மற்றச் சாமான்களில் சொட்டக் கூடாது. பிரிட்ஜ் 4 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் நின்றுபோனால் காத்திருக்காமல் அன்றே கறி வைத்துவிடுங்கள். நான் இரண்டு இரவுக்கு மேல் வைப்பதில்லை.

திங்கள் இரவு உப்பு. முதலில் நீளத் தசையைக் குறுக்காக, இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பில், ஏறக்குறைய ஒரு அங்குலம், வட்டங்களாக வெட்டுங்கள். வால் பக்கம் ஒல்லியாக இருக்கும். அதை இரு மடங்கு நீளத்துக்கு வெட்டி, நடுவே முக்கால்வாசி பிளந்து புத்தகம் மாதிரி விரித்துவிட்டால் மற்றத் துண்டுகளின் அளவுக்கு வந்துவிடும். நிலாவெளிப் பக்கம் உப்பளம் இருக்கிற மாவட்டம் நமது, கல்லுப்புக்குக் குறைவில்லை. அதை உரலில் நொறுக்கி, அரைக் கிலோவுக்கு ஐந்து கிராம், அதாவது நிறையாத ஒரு தேக்கரண்டி, எல்லாப் பக்கமும் படும்படி தூவுங்கள். மூடாமல் ஒரு கம்பித் தட்டின் மேல் பிரிட்ஜில் வையுங்கள்.

உப்பு போட்ட பத்து நிமிஷத்தில் இறைச்சி வியர்க்கும். உப்பு உள்ளிருந்து நீரை இழுக்கிறது. நாற்பது நிமிஷம் கடந்தால் அந்த உப்புநீரை இறைச்சி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஓரிரவு கடந்தால் உப்பு உள்ளே இறங்கி, மேற்பக்கம் காய்ந்து, தொட்டால் கையில் பிசுக்கு மட்டும் படும். நிறமும் கறுத்துப்போயிருக்கும். அதைப் பார்த்துப் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், வாசம்தான் அளவு. புளித்த வாசமோ வழுவழுப்போ இருந்தால் மட்டும் எறியுங்கள். முதல் நாள் உப்புப் போட மறந்துவிட்டால், தாச்சியில் போடுகிற அந்த நிமிஷம் போடுங்கள். பத்து நிமிஷம் முன்னால் போட்டு ஈரத்தோடு சுடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

தாச்சியும் எண்ணெயும்

கனத்த இரும்புத் தாச்சி அல்லது தடித்த இரும்புத் தோசைக்கல். இலேசான அலுமினியத் தாச்சியில் இறைச்சி விழுந்ததும் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஒட்டாத் தாச்சி இதற்கு ஆகாது. அந்தப் பூச்சு 260 பாகைக்கு மேல் சிதையத் தொடங்கும், வெறும் தாச்சி பெரிய நெருப்பில் அந்தச் சூட்டைச் சில நிமிஷத்திலேயே எட்டிவிடும்.

எங்கள் வீட்டில் இதற்கென்று தனித் தாச்சி இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு மாட்டிறைச்சி தொடாத வீடு. பொங்கலுக்கு அங்கிருந்து புக்கை வரும், கிறிஸ்மஸுக்கு இங்கிருந்து பலகாரம் போகும். நம் குசினியில் சுட்ட பலகாரத்தை அவர்கள் மனம் கோணாமல் வாயில் வைக்க வேண்டும் என்றால், எந்தச் சட்டி எதற்கு என்பதில் நாம் சுத்தமாக இருக்க வேண்டும்.

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போதும். சூரியகாந்தி எண்ணெய் நல்லது. வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் சுத்திகரித்த வெள்ளை எண்ணெய் என்றால் அதுவும் தாங்கும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் 175 பாகைப் பக்கத்திலேயே புகைய ஆரம்பிக்கும். பட்டர் அதற்கும் முன்னாலேயே கருகும், அது கடைசி நிமிஷத்துக்குத்தான். மிளகாய்த்தூள், கறித்தூள், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும்.

அடுப்படியில்

ஜன்னலையும் பின்கதவையும் திறந்துவிடுங்கள், புகை வரத்தான் செய்யும். ஃபேனை நிறுத்துங்கள், நெருப்பை அது கலைக்கும்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த இறைச்சியை மேசையில் அரை மணித்தியாலம் வைக்கச் சொல்வார்கள். ஓர் அங்குலத் துண்டுக்கு அது தேவையில்லை. உள்ளே குளிராக இருந்தால் வெளியே நன்றாக நிறம் வரும்வரை நடுப்பகுதி வெந்துபோகாமல் இருக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் குசினிச் சூட்டில் இறைச்சியை வெளியே விடவும் கூடாது. எடுத்ததும் கடதாசியால் மறுபடி அழுத்தி ஒற்றுங்கள். கடதாசி நனையாமல் வரும்வரை ஒற்றுங்கள். இந்த ஒற்றலில்தான் நான் அதிகம் மினக்கெடுகிறேன். ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பக்கம் 100 பாகையைத் தாண்டாது, தண்ணீர் ஆவியாகப் போவதிலேயே சூடு முழுக்கச் செலவாகும். நமக்கு வேண்டிய பழுப்பு நிறமும் வாசமும் 140 பாகைக்கு மேல்தான் வேகமாக வருகிறது. லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1912இல் விளக்கியதால் அதற்கு மையார் தாக்கம் என்று பெயர். பாணின் மேற்தோலில் வருகிற பழுப்பும் அதுவேதான்.

தாச்சியை வெறுமையாக நடுத்தரத்துக்கு மேலான நெருப்பில் நாலைந்து நிமிஷம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறி ஆவியாகாமல் முத்தாக உருண்டு ஓட வேண்டும். தண்ணீர் போனபின் எண்ணெய். எண்ணெய் இளகி, மேலே அலை அலையாகச் சிலிர்த்து, முதல் இழை நீலப் புகை எழும். அந்த நொடி துண்டுகளை உங்களிலிருந்து அப்பால் விழும்படி படுக்க வையுங்கள். துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மூன்று பேருக்கான துண்டுகள் ஒரே தாச்சியில் நெருக்குப்பட்டால் இரண்டு தடவையாகச் சுடுங்கள்.

இனிக் காதுதான் வேலை செய்ய வேண்டும். இறைச்சி விழுந்ததும் வருவது கூர்மையான, விடாத சத்தம். அது 'சொத சொத' என்று தணிந்தால் தண்ணீர் தேங்குகிறது. உடனே நெருப்பைக் கூட்டி, ஒரு துண்டை வெளியே எடுங்கள். முதல் ஒரு நிமிஷம் தொடாமல் விடுங்கள். பிறகு இடுக்கியால் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் பதினைந்து செக்கன். நிறம் பிடித்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும். திருப்புங்கள். அதன்பின் ஒவ்வொரு நிமிஷமும் திருப்பலாம். ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்ற விதியை நம்ப வேண்டாம். அடிக்கடி திருப்பினால் இரு பக்கமும் சமமாக வேகும், வெளி விளிம்பு காய்ந்துபோகாது.

சூட்டில் மேற்பக்கம் மூடிக்கொண்டு சாறு உள்ளே அடைபடுகிறது என்பதும் அப்படி ஒரு கதைதான். 19ஆம் நூற்றாண்டில் யூஸ்டஸ் ஃபொன் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்னது இன்றுவரை நிலைத்துவிட்டது. தாச்சியில் கேட்கிற சத்தமே சாறு வெளியேறி ஆவியாகிற சத்தம். நிறம் பிடிக்க வைப்பது ருசிக்காக. சாறு நிற்பதும் போவதும் உள்ளே எவ்வளவு வேகவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஐந்தாவது நிமிஷம் நெருப்பைத் தணியுங்கள். ஒரு மேசைக்கரண்டி பட்டர், தோலோடு நசுக்கிய நாலு பல் உள்ளி, நன்றாகத் துடைத்துக் காயவைத்த ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஈரக் கறிவேப்பிலை முகத்தில் தெறிக்கும். தாச்சியை உங்கள் பக்கம் சரித்து, நுரைக்கிற பட்டரைக் கரண்டியால் அள்ளி அள்ளித் துண்டுகளின் மேல் ஊற்றுங்கள். பட்டரின் நுரை அடங்கி, கச்சான் வறுக்கிற வாசம் வந்தால் போதும்.

வெந்ததா?

சமையல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். துண்டின் பக்கவாட்டில் நடுவரை குத்திப் பாருங்கள். 52இல் எடுத்தால் இளைப்பாறும்போது 55 வரை ஏறும், நடுவே சிவந்து சாறோடு இருக்கும். 58இல் எடுத்தால் இளஞ்சிவப்பு. 68 தாண்டினால் முழுக்கச் சாம்பல் நிறம். அண்டர்கட்டில் கொழுப்பு இல்லை என்பதால் அதற்குமேல் ஒவ்வொரு பாகையும் அதை உலர்த்தும். வெப்பமானி இல்லையென்றால் விரலால் அழுத்துங்கள். கன்னம் மாதிரி அமுங்கினால் உள்ளே பச்சை, மூக்கு நுனி மாதிரி என்றால் நடுப்பதம், நெற்றி மாதிரி என்றால் முழுக்க வெந்தது.

எங்கள் வீட்டிலும் சிவப்பைக் கண்டால் 'இரத்தம்' என்று தட்டைத் தள்ளினார்கள். அது இரத்தம் அல்ல. அறுக்கும்போதே இரத்தம் வடிந்துபோகிறது. தட்டில் ஓடுவது தண்ணீரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும். முழுத் துண்டில் கிருமி இருப்பது பெரும்பாலும் வெளிப்பக்கத்தில், அதைத் தாச்சி கொன்றுவிடுகிறது. அரைத்த இறைச்சிக்கு இந்தக் கணக்குச் செல்லாது, வெளிப்பக்கம் உள்ளே கலந்துவிடுகிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் முழுத் துண்டுக்குச் சொல்கிற பாதுகாப்பு அளவு 63 பாகையும் மூன்று நிமிஷ இளைப்பாறலும். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், நோயாளிகள் இருக்கிற வீட்டில் அவர்களின் துண்டை முழுக்க வேகவிடுங்கள், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். என் அம்மாவுக்கு நான் ஒன்றரை சென்டிமீட்டரில் தனியாக வெட்டி வைக்கிறேன். மெல்லிய துண்டு சீக்கிரம் முழுக்க வெந்துவிடும், கருகாது. கடைசியில் பட்டர் கொஞ்சம் கூட ஊற்றிக் கொடுப்பேன்.

எடுத்த துண்டுகளை ஐந்து நிமிஷம் ஒரு தட்டில் வையுங்கள். இறுக மூடாதீர்கள், ஆவியில் மேற்பக்கம் நமத்துவிடும். மிளகை இப்போது இடித்துத் தூவுங்கள்.

அந்த ஐந்து நிமிஷத்தில்

தாச்சியின் அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதைக் கழுவி ஊற்றினால் பாதி ருசி போகிறது. எண்ணெயை வடித்து, பாதிப் பம்பாய் வெங்காயத்தைப் பொடியாக அரிந்து போட்டு ஒரு நிமிஷம் வதக்குங்கள். கால் கோப்பை தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினால் எல்லாம் கரைந்து வரும். தண்ணீர் பாதியானதும் இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, நெருப்பை நன்றாகத் தணித்து நாலு மேசைக்கரண்டி கட்டித் தேங்காய்ப்பால். கொதிக்க விடாதீர்கள், திரைந்துவிடும். இறக்கி, தட்டில் வடிந்திருக்கிற சாறையும் அரைத் தேசிக்காயையும் விடுங்கள். உப்புப் பார்த்துவிட்டு நேரே இறைச்சிமேல்.

பக்கத்துக்கு, காலையில் அவித்து வைத்த உருளைக்கிழங்கைத் தட்டி அதே பட்டரில் பிரட்டலாம். போஞ்சியும் நல்லது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு ரோஸ் பாண் போதும், அந்த மிளகுப் பாலைத் துடைத்துச் சாப்பிட அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில்

இதே வேலையை மீனில் செய்யலாம், அதில் நம்மூருக்குக் குறையே இல்லை. அறக்குளா நடுத்துண்டு, அல்லது பெரிய சூரை, கெலவல்லா என்று கேட்டாலும் தருவார்கள். இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பு, நன்றாக ஒற்றிய மேற்பக்கம், காய்ந்த தாச்சி, எல்லாம் அப்படியே. அறக்குளாவுக்குப் பக்கம் மூன்று நிமிஷம், சூரைக்கு இரண்டு நிமிஷம் போதும், அதற்குமேல் பஞ்சாகிவிடும். உப்பு மட்டும் சுட கால் மணித்தியாலம் முன்னால்.

காத்திருப்பு மட்டும் நேரெதிர். சூரையும் அறக்குளாவும் சூட்டில் கிடந்தால் அதற்குள் ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி வருவது அதனால்தான். எவ்வளவு சுட்டாலும் அந்த ஹிஸ்டமின் அழியாது. மீனை ஐஸோடு கொண்டுவந்து, வாங்கிய அன்றே சுடுங்கள்.